பழகிப்போனதைப் புதிதாகப் பார்ப்பது எப்படி

ஒரு வெள்ளைத் தாளின் நடுவே பேனாவால் சிறு புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி நாலு விரற்கடை தள்ளி, வெளிர் நிறப் பென்சிலால் லேசாகத் தேய்த்து நாலைந்து மங்கலான தீற்றல்கள் போடுங்கள். கண்ணைப் புள்ளியை விட்டு அசைக்காமல் 20 முதல் 30 விநாடி பாருங்கள். தீற்றல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து மறையும். கண்ணைச் சற்றே நகர்த்தினால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். ஸ்விட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இல் பதிவு செய்த விளைவு இது. மாறாமல் இருக்கும் தூண்டலுக்கு நம் பார்வை நரம்புகள் மெல்ல மெல்லப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பதை இப்படி அரை நிமிடத்தில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அன்றாடம் சலித்துப்போவதற்கு மனம் வறண்டுவிட்டது காரணமல்ல; மாறாததை ஒதுக்குவது உடம்பின் இயல்பு. அதனால்தான் 'இனி எல்லாவற்றையும் வியந்து பார்ப்பேன்' என்ற தீர்மானம் இரண்டு நாள்கூடத் தாங்குவதில்லை. வியப்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. ஆனால் கண்ணை நகர்த்தலாம், அளக்கலாம், வரையலாம், கேள்வி கேட்கலாம். கீழே இருப்பவை எல்லாம் அந்த வேலைகள்தான்.

பத்து நிமிடம், ஒரே பொருள்

கைக்குள் அடங்கும், தினமும் புழங்கும் பொருள் ஒன்றை எடுங்கள்: சாவி, சீப்பு, சட்டைப் பொத்தான், கரண்டி. நினைவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் வேண்டாம். அதைப் பார்க்கும்போது மனம் பொருளை விட்டு நினைவுக்குப் போய்விடும். ஜன்னலோரம் உட்காருங்கள். பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம்தான் கீறலையும் மேடுபள்ளத்தையும் காட்டும். தலைக்கு மேலிருந்து வரும் விளக்கொளி எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். நேரம் பார்க்கக் கடிகாரம் போதும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். ஒரு தாள், ஒரு பென்சில். அழிப்பான் வேண்டாம்.

முதலில் பொருளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். சாவியில் எத்தனை பற்கள், எந்தப் பக்கம், துளை வட்டமா நீள்வட்டமா என்று கேட்டுக்கொண்டே வரையுங்கள். அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் வெளியிட்ட சோதனைகளில், தினமும் கையாளும் ஒரு சென்ட் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னபோது பெரும்பாலோர் அதன் முக்கிய அம்சங்களில் பாதியைக்கூடச் சரியாகக் குறிக்கவில்லை. உங்கள் படமும் தப்பாகத்தான் வரும். அந்தத் தப்புதான் பயிற்சியின் முதல் பலன். எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பொருளைத் திறந்து, முதல் படத்தை அழிக்காமல், பக்கத்தில் பார்த்து வரையுங்கள்.

நான்காவது நிமிடத்தை ஒட்டி, 'பார்த்தாயிற்று, இனி ஒன்றுமில்லை' என்று தோன்றும். பெரும்பாலோர் எழுந்துவிடுவது இங்கேதான். எழாதீர்கள். பொருளைக் கால் திருப்புத் திருப்புங்கள். ஒரு விளிம்பை மட்டும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கண்ணால் பின்தொடருங்கள். நகத்தால் தட்டிக் கேளுங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்த விரல் தேய்த்தது என்று தேடுங்கள். உலோகக் கரண்டியையும் மர அளவுகோலையும் மாறி மாறிக் கன்னத்தில் வையுங்கள். ஒரே அறையில் வெகுநேரம் கிடந்த இரண்டும் ஒரே வெப்பநிலைதான். ஆனாலும் கரண்டி சில்லென்றிருக்கும். உலோகம் உங்கள் தோலின் சூட்டை விரைந்து கடத்திக்கொண்டு போய்விடுகிறது. நீங்கள் உணர்வது கரண்டியின் குளிர்ச்சியை அல்ல, உங்கள் சூடு வெளியேறும் வேகத்தை.

குறிப்பெழுதும்போது 'அழகு', 'அற்புதம்' போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை விழுந்த இடத்தில் பார்வை நின்றுவிடும். பெயர், எண், இடம், நிறம் போதும். 'இடது ஓரத்தில் மூன்று கீறல், நடுவிலிருப்பது நீளம்' என்ற வரி உங்களை அடுத்த விவரத்துக்குக் கொண்டுபோகும்.

பேனா நிற்கும் இடம்

2002இல் ரோசன்ப்ளிட், கெய்ல் என்ற ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: அன்றாடப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தவர்கள், படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும் தங்கள் அறிவுக்குத் தாங்களே முதலில் போட்ட மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பக்கம் எழுதுங்கள்; பேனா எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

ஜிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 'இழுத்தால் மூடும்' என்பதற்கு மேல் என்ன எழுதுவீர்கள்? இரண்டு வரிசைப் பற்களும் நேருக்கு நேர் இல்லை, அரைப் பல் தள்ளி நிற்கின்றன. வழக்கமான உலோக ஜிப்பில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் குழி. இழுப்பானுக்குள் ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற வழி இருக்கிறது; அது பற்களைச் சாய்வாகக் கொண்டுவந்து மேட்டைக் குழிக்குள் இறக்குகிறது. நேரானபின் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது. திறக்கும்போது இழுப்பானுக்குள்ளிருக்கும் ஆப்பு அவற்றைப் பிரிக்கிறது. இந்த அமைப்பைக் கிதியோன் சண்ட்பேக் 1913 வாக்கில் உருவாக்கினார். மூடிய ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால், பல்லைவிட இழுப்பானைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் இரு தகடுகளும் நாளடைவில் விரிந்து, பற்களை அழுத்தாமல் விட்டிருக்கும். குறட்டால் அதன் பின்பக்கத்தை இருபுறமும் மெதுவாக நெருக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஓங்கி அழுத்தினால் இழுப்பான் உடையும்.

அளந்து பார்க்க வேண்டியவை

ஆவி படிந்த கண்ணாடி முன் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் முகத்தின் உருவரையை விரலால் கண்ணாடிமேல் வரையுங்கள். அளந்தால் உங்கள் முகத்தின் நீளத்தில் சரிபாதிதான் இருக்கும். இரண்டடி பின்னால் போய் வரைந்தாலும் அதே பாதி. நீங்கள் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறீர்களோ அவ்வளவு பின்னால் பிம்பம் இருக்கிறது. கண்ணாடி எப்போதும் நடுவழியில் நிற்கிறது. ஒவ்வொரு காலையும் பார்க்கும் முகம், ஆனாலும் சொன்னால் பலரும் நம்ப மாட்டார்கள். வரைந்து காட்டுங்கள்.

மர நிழலில் சிதறிக் கிடக்கும் ஒளித் துண்டுகளைக் கவனியுங்கள். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, தரையில் விழுவதில் பல வட்டமாகவோ, தரை சாய்வுக்கேற்ப நீள்வட்டமாகவோ இருக்கும். ஒவ்வொன்றும் சூரியனின் பிம்பம். சோதித்துப் பார்க்க, அட்டையில் 3 மில்லிமீட்டர் அளவில் சதுரத் துளை வெட்டுங்கள். சூரியன் உச்சியிலிருக்கும்போது தரைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே பிடித்தால் சதுர ஒளி. ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் வட்டம். துளை பெரிதானால் இந்த உயரத்தில் சதுரம் வட்டமாக மாறாது. பலருக்கும் சோதனை தவறுவது இதனால்தான். துளை வழியாகச் சூரியனை நேரே பார்க்கவே கூடாது, கண் தரையில்தான் இருக்க வேண்டும். துளை மிகச் சிறிதாக இருந்தால், வட்டத்தின் அகலத்தைப்போல ஏறத்தாழ 107 மடங்கு, துளைக்கும் தரைக்கும் உள்ள தூரம். சூரியனின் விட்டத்துக்கும் அது நம்மிடமிருந்து இருக்கும் தூரத்துக்கும் அதே விகிதம். பகுதிச் சூரிய கிரகணத்தின்போது அந்த ஒளித் துண்டுகள் எல்லாம் பிறையாகிவிடும்.

காதுக்கும் வேலை உண்டு. குடத்தில் தண்ணீர் நிரம்பும்போது மேலே மிஞ்சும் காற்று குறுகக் குறுக ஒலியின் சுருதி ஏறும்; கண்ணை மூடிக்கொண்டு நிறைவதற்குச் சற்று முன்னால் குழாயை நிறுத்திப் பழகுங்கள். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்கு முன்புதான் இரைச்சல் அதிகம். அடியில் பிறக்கும் குமிழிகள் மேலேயுள்ள குளிர்ந்த நீரில் நொறுங்கும் சத்தம் அது. நீர் முழுதும் சூடேறியபின் குமிழிகள் மேலே வந்து உடைவதால் சத்தம் தணிகிறது.

இரவில் வெளியே போனால் 20 முதல் 30 நிமிடம் விளக்கில்லாமல் இருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். இடையில் கைபேசியைத் திறந்தால் பெரும்பகுதி வீணாகும். மங்கலான விண்மீனை நேராகப் பார்த்தால் மறையும், கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் தெரியும். மங்கலொளியை உணரும் உயிரணுக்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை.

எங்கே பிசகுகிறது

தினமும் செய்ய வேண்டும் என்று விதி வைத்துக்கொள்வதுதான் முதல் பிசகு. நன்றி சொல்ல வேண்டியவற்றைத் தினமும் மூன்று என்று பட்டியல் போடுபவர்கள் இரண்டாம் வாரத்தில் அதே மூன்றைத் திரும்ப எழுதுவார்கள். பயிற்சிக்கும் பழக்கம் தட்டும். வாரம் ஒரு முறை போதும், முறையை மாற்றிக்கொண்டே இருங்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் வயதானவர்கள் எட்டு வாரம், வாரத்துக்கு 15 நிமிடம், வியப்பூட்டுவதைத் தேடி நடந்தார்கள். அந்தச் சிறிய அளவே அவர்களிடம் மாற்றத்தைக் காட்டப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது பிசகு படமெடுப்பது. 2014இல் லிண்டா ஹென்கல் அருங்காட்சியகத்தில் நடத்திய சோதனையில், முழுப் பொருளையும் படமெடுத்தவர்கள் அதைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள்; ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கைப்பிடியை மட்டும், விளிம்பை மட்டும் எடுங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் இதை மருந்தாக நீட்டாதீர்கள். உலகம் வெளிறித் தெரியும் நிலை வாரக்கணக்கில் நீடித்தால், அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. சிறப்பு எதுவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று கேட்ட பாட்டு, நடந்த ஒரு பேச்சு, மேசைமேல் கிடந்தவை ஆகியவற்றை அரைப்பக்கம் எழுதி உறையில் போட்டு ஒட்டுங்கள். இப்படி எழுதிவைத்தவர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது அவர்களுக்கு ஏற்பட்ட ஆர்வம் அவர்களே முன்பு கணித்ததைவிட அதிகமாக இருந்தது. உறையின்மேல் திறக்க வேண்டிய தேதியை எழுதுங்கள். தினமும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.