நன்கொடைக் கணக்கு: கிளைப் பொருளாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் கடலோரக் கட்சிக் கிளைகளில் புதிதாகப் பொருளாளர் ஆனவர்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லித்தருகிறேன். எங்கள் காலத்துத் தப்புகளையே இவர்களும் செய்கிறார்கள். அன்றைக்குச் சமாளித்துவிடலாம், இன்றைக்கு முடியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்ததோடு, பெயர் வெளியே தெரியாமல் பெரிய தொகை வாங்கும் வழி அடைபட்டது. கூட்டல் பிழை, ரசீது கிழிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே தொகையைப் பிரித்து எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ரூ.2,000-க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். விசைப்படகு உரிமையாளர் ஒருவர் ரூ.50,000 ரொக்கம் தருகிறார். பொருளாளர் என்ன செய்கிறார்? படகில் போகிற ஆட்கள், அவர்கள் வீட்டார் என்று 25 பேருக்கு ரூ.2,000 ரசீது போட்டுவிடுகிறார்.

மண்டபம் பக்கத்து ரசீதுப் புத்தகம் ஒன்று என்னிடம் அப்படித்தான் வந்தது. தொடர் எண்கள், ஒரே பேனா, ஒரே தேதி, கையெழுத்துகளின் கடைசிச் சுழி எல்லாம் ஒரே மாதிரி. அன்று அந்தப் படகு மீன்வளத் துறையில் டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிக் கடலுக்குப் போயிருந்தது. கடலில் இருந்தவர் கரையில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்? இதை வரி அதிகாரி கேட்க அரை மணி நேரம் போதும்.

மாட்டுவது அந்த ரூ.50,000 மட்டும் இல்லை. நிபந்தனையை மீறினால் கட்சியின் மொத்த வருமானத்துக்கான வரிவிலக்கே ஆட்டம் காணும். காங்கிரஸ் கட்சியின் 2017-18 கணக்கில், தாமதத் தாக்கலோடு, வரம்பு மீறிய ரொக்கம் ரூ.14.49 லட்சமும் பிரச்சினையானது. விலக்கு மறுக்கப்பட்டது சுமார் ரூ.199 கோடிக்கு. 2025 ஜூலையில் வருமான வரித் தீர்ப்பாயமும் அதையே உறுதி செய்தது.

"அவரிடம் வங்கி வசதி இல்லை" என்று சொல்லாதீர்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணமே வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. உண்மைக் காரணம் வேறு: எதிர்க்கட்சிக்காரருக்குத் தன் பெயர் தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், அவர் இங்கேதான் தொழில் செய்ய வேண்டும். அதனால் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு நிதியாண்டில் மொத்தம் ரூ.20,000-ஐத் தாண்டினால் பெயர், முகவரி, பான் எண்ணோடு படிவம் 24ஏ-யில் தேர்தல் ஆணையத்துக்குப் போகும், யாரும் பார்க்கலாம். தாண்டாவிட்டால் நம் ஏட்டில் இருக்கும், அந்தப் பட்டியலில் வராது. எவ்வளவு தருவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். எதுவானாலும் காசோலை அல்லது யுபிஐ, அதுவும் கட்சிக் கணக்குக்கு. உங்கள் சொந்த ஜிபே எண்ணைக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு ரசீதையும் தனியாகப் பார்ப்பது

ரூ.20,000 என்பது ஆண்டு மொத்தம். ஜூனில் 12,000, ஜனவரியில் 12,000 தந்தவரும் பட்டியலில் வர வேண்டும்.

வெளிநாட்டுப் பணம்

துபாயில் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் இந்தியக் குடிமகன் என்றால் தாராளமாகத் தரலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டுக் குடிமகன்தான். சொந்தக்காரராகவே இருந்தாலும் பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கூட்டத்தில் துண்டேந்தி வசூலித்த பணம்

ஒரு வாரத்துக்குள் வங்கியில் கட்டுங்கள்.

மார்ச் அவசரம்

ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் கையில் காசு ஓடாது என்று எல்லோரும் மார்ச் கடைசியில் வசூலுக்கு இறங்குகிறார்கள். சரி, வசூலியுங்கள். ஆனால் மார்ச் 30-ல் வந்த பணத்துக்கு ஏப்ரலில் ரசீது போட்டால் நிதியாண்டே மாறிவிடும். பணம் வந்த அன்றே ரசீது போட்டு, ஏப்ரல் முதல் வாரத்தில் அடிக்கட்டைகளையும் வங்கிப் பட்டியலையும் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.