இனிஷ்மோர் தீவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே விரிகுடாவின் முகப்பை மறித்தாற்போல மூன்று தீவுகள் இருக்கின்றன. ஆரன் தீவுகள் என்று பெயர். அவற்றில் பெரியது இனிஷ்மோர். பெரியது என்றாலும் நீளம் சுமார் 14 கிலோமீட்டர்தான். அகலம் 3 கிலோமீட்டர் சொச்சம். மக்கள் 800 பேர் அளவில். வரைபடத்தில் பார்க்கிற எவருக்கும் அரை நாள் போதும் என்று தோன்றிவிடுகிறது. காலைப் படகில் போய், கோட்டையைப் பார்த்து, நாலு படம் எடுத்து, மாலைப் படகில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தத் தீவில் பயணிகள் செய்யும் தவறுகளில் பாதி இந்த அவசரத்தால் வருபவை.

முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பகல் பயணிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே நேரத்தில் கோட்டைக்கு ஏறி, ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். கடைசிப் படகு போன பிறகு சாலையில் ஆள் நடமாட்டமே குறைந்துவிடும். ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே இரவு பத்து மணி தாண்டும். அந்த நீண்ட மாலை தங்குகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

அடுத்தது, எந்தத் துறையில் படகு ஏறுவது என்பதில் வரும் குழப்பம். கோடையில் கால்வே நகரத் துறைமுகத்திலிருந்தே படகு உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் ஓடுவது ராசவீல் துறையிலிருந்து. அது நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். பேருந்தில் போகவே ஒரு மணி நேரம் ஆகும், அப்புறம் கடலில் 40 நிமிடம். இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு, படகு புறப்படும் நேரத்தில் நகரத்துத் துறைமுகத்தில் போய் நின்றால் அந்த நாள் போனது போனதுதான். தெற்கே கிளேர் மாவட்டத்து டூலினிலிருந்தும் படகு வரும், ஆனால் குளிர்காலத்தில் கிடையாது. டூலினுக்கு மிக அருகில் இருப்பது மூன்றில் சிறியதான இனிஷீர். படகுகள் அங்கேயும் நிற்கும், அதனால் எந்தத் தீவு என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. பாறைமேல் ஏறி நிற்கும் துருப்பிடித்த கப்பலின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு இனிஷ்மோருக்கு வந்து தேடுகிறார்கள். 1960இல் புயலில் கரையேறிய பிளாசி என்ற அந்தச் சரக்குக் கப்பல் கிடப்பது இனிஷீரில். இங்கே அதைக் காண முடியாது.

ஐரிஷ் மொழி பேசும் பகுதி என்பதால் ஊர்ப் பெயர்ப் பலகைகளும் ஐரிஷிலேயே இருக்கும். ஐரிஷ், ஆங்கிலம் இரண்டு வடிவமும் அச்சிட்ட வரைபடம் ஒன்றைப் படகுத்துறை அருகே வாங்கிவிடுங்கள்.

இனி, எல்லாரும் போகும் டூன் ஏங்கஸ் கோட்டை. கில்மர்வியில் உள்ள வரவேற்பு மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஏற்றம். பாதையின் கடைசிப் பகுதி வெறும் சுண்ணாம்புப் பாறை. பலர் கால் பட்டுத் தேய்ந்து மழுமழுவென்று ஆகியிருக்கும். மழை பெய்தால் வழுக்கும். செருப்பிலும் மெல்லிய காலணியிலும் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கும். கணுக்காலைப் பிடித்து நிற்கும் காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் நேராகப் பாறை விளிம்புக்கு ஓடுவதுதான் பெரிய தவறு. இரண்டு காரணங்கள். முதலாவது உயிர் பற்றியது. கீழே கடல் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. விளிம்பில் தடுப்புச் சுவரோ கம்பியோ கிடையாது. அட்லாண்டிக் அலை அடியில் குடைந்துகொண்டே இருப்பதால் நீங்கள் நிற்கும் பாறைக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். காற்று சீராக வீசாது; சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தள்ளும். கீழே பார்த்தே ஆக வேண்டும் என்றால் விளிம்புக்கு நன்றாக முன்னாலேயே குப்புறப் படுத்து, மெதுவாக ஊர்ந்துபோய், தலையை மட்டும் நீட்டிப் பார்க்க வேண்டும். பழகியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் விளிம்புப் பக்கமே போக வேண்டாம்.

இரண்டாவது காரணம், அந்த ஓட்டத்தில் கோட்டையையே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அரைவட்ட மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கடலைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. இங்கே மதில் எழுப்பத் தொடங்கியது கி.மு. 1100 வாக்கில் என்று 1990களில் நடந்த அகழாய்வு காட்டியது. இன்று நாம் பார்க்கும் உயரமான சுவரில் ஒரு பகுதி 1880களில் சீரமைத்துக் கட்டியது. உள் மதிலை நோக்கிப் போகும் வழியில் இருபுறமும் கூரான கற்களைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் நெருக்கி நட்டிருப்பதை நின்று பாருங்கள். எதிரி ஓடிவர முடியாதபடி செய்த கல் காடு அது. இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு கால் வைத்தால் அடுத்த காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். அந்த யோசனை நேரத்தில் மதில் மேலிருந்து தாக்கலாம். அந்தக் காலத்து மனிதர்கள் இதைச் சிந்தித்துச் செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாறை விளிம்பைவிட இதுதான் அந்தக் கோட்டையின் அதிசயம்.

கூட்டம் பிடிக்காதவர்கள் தென்கிழக்கில் உள்ள டூன் டூகஹர் என்ற கறுப்புக் கோட்டைக்குப் போகலாம். இரண்டு பக்கமும் கடல் தின்ற பாறை முனை, குறுக்கே ஒரே ஒரு தடித்த மதில். கட்டணம் இல்லை. ஆட்கள் குறைவு. அங்கேயும் விளிம்பில் தடுப்பு இல்லை என்பதை மறக்காதீர்கள். நடக்கும்போது கீழே பார்த்தே நடக்க வேண்டும். சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் அறுத்த நீண்ட பிளவுகள் இருக்கும். உள்ளே சின்னச் சின்னப் பெரணிகளும் வசந்தத்தில் நீலப் பூக்களும் ஒளிந்திருக்கும். கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் உள்ளே போய்விடும்.

போல் ந பேஷ்ட் என்ற குளம் இப்போது படங்களால் மிகவும் பிரபலம். யாரோ உளி வைத்து வெட்டியதுபோல நீள்சதுரமாக இருக்கும். உண்மையில் இயற்கையே அறுத்தது. அடியில் கடலோடு தொடர்பு உண்டு, அதனால் நீர்மட்டம் உள்ளே ஏறி இறங்கும். 2012, 2014, 2017 ஆண்டுகளில் ரெட் புல் போட்டிக்காக வீரர்கள் மேலிருந்து இதற்குள் குதித்தார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இறங்க நினைப்பது தவறு. அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், தண்ணீரிலேயே மீட்பு ஆட்கள் காத்திருந்தார்கள். சாதாரண நாளில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பெரிய அலை வந்தால் குளத்தைச் சுற்றியுள்ள திட்டையே கழுவிக்கொண்டு போகும். கடல் அமைதியாக, நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும் போங்கள்; தங்கும் இடத்தில் கேட்டால் அன்றைய நிலவரம் சொல்வார்கள். நீந்த ஆசையா, கில்மர்வியில் வெண்மணல் கடற்கரை இருக்கிறது.

தீவைச் சுற்ற சைக்கிள் சிறந்தது. படகுத்துறை உள்ள கில்ரோனனிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் எல்லாரும் மேட்டுச் சாலையில் மிதித்து மூச்சு வாங்குகிறார்கள். மேற்கே டூன் ஏங்கஸ் பக்கம் போகும்போது வடக்குக் கரையோரமாகப் போகும் தாழ்வான சாலையைப் பிடியுங்கள். ஏற்றம் குறைவு, வழியில் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். திரும்பும்போது மேட்டுச் சாலையில் வந்தால் 1818இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தையும் பக்கத்தில் டூன் ஓக்லா கோட்டையையும் பார்க்கலாம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும், அதனால் போவது கஷ்டம், வருவது சுலபம். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் இது தலைகீழாகும். அன்றைக்கு முன்கூட்டியே கிளம்பாவிட்டால் படகு போய்விடும்.

ஏழு தேவாலயங்கள் என்ற இடத்தில் ஏழு தேவாலயங்களைத் தேடி ஏமாற வேண்டாம். இருப்பது இரண்டுதான், மற்றவை அங்கே வாழ்ந்தவர்களின் கட்டடங்கள்.

கற்சுவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. இடுக்கு வழியாகக் காற்று புகுந்து போகும், அதனால்தான் விழாமல் நிற்கின்றன. அவை காக்கும் மண்ணே பல இடங்களில் மனிதர் உண்டாக்கியது. வெறும் பாறைமேல் மணலும் கடற்பாசியும் கொட்டித் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மண். பல வயல்களுக்குக் கதவே இருக்காது. மாட்டை உள்ளே விட வேண்டுமானால் சுவரில் ஓரிடத்துக் கற்களை எடுத்துவிட்டு, பிறகு திரும்ப அடுக்கிவிடுவார்கள். படம் எடுக்க இந்தச் சுவர்மேல் ஏறாதீர்கள். கல் சரிந்தால் உங்கள் காலும் போகும், மாடும் வெளியே போகும். தெரியாமல் ஒரு கல்லைத் தள்ளிவிட்டால் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

ஸ்வெட்டர் வாங்குகிறவர்களுக்கு: தீவின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பின்னல் உண்டு என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. அதை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கையால் பின்னியதா, இயந்திரத்திலா என்று மட்டும் கேளுங்கள். விலை வித்தியாசம் அதில்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப் சொல்லும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், மீன் போட்ட கெட்டி சூப் இங்கே எங்கும் உண்டு.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு அயர்லாந்துக்குள் நுழைய முடியாது. அயர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. தனி விசா வேண்டும். சில வகை பிரிட்டன் விசாக்களுக்கு மட்டும் சலுகை உண்டு, உங்களுடையது அதில் வருமா என்று முதலிலேயே பாருங்கள்.

கடைசியாக, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைத் தீவுக்கு ஒதுக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. காற்றும் மூடுபனியும் கடுமையானால் தீவுக்கு வந்துபோகும் சிறு விமானமும் பறக்காது. டப்ளின் அங்கிருந்து நாட்டின் மறுகோடி. தீவைப் பயணத்தின் நடுவில் வைத்துவிட்டால், ஒரு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டாலும் அங்கேயே இன்னொரு இரவு தங்கிவிடலாம்.