கடன் கொப்பியைக் கணினிக்கு மாற்றுவோம்: லிப்ரே ஆபிஸ் பேஸ் செய்முறை

கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ உரக்கடை நடத்துபவர், காலபோக விதைப்பின்போது கடனுக்குக் கொடுத்த யூரியாவின் கணக்கை, அறுவடைக் காசு கைக்கு வரும் தை, மாசி வரை கொப்பியில்தான் வைத்திருக்கிறார். அதை எக்செல் தாளுக்கு மாற்றினாலும் வாடிக்கையாளர் பெயரை ஒவ்வொரு வரியிலும் எழுத நேர்கிறது; 'கந்தசாமி' ஒரு வரியில் 'க. கந்தசாமி' ஆகிவிட்டால் அவருடைய கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். ஐ.பி.எம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கார் காட் 1970இல் முன்வைத்த தொடர்புநிலைத் தரவுத்தள முறையில், ஒருவருடைய விபரம் ஓரிடத்தில் மட்டும் இருக்கும். மற்ற இடங்களில் அவருக்குரிய இலக்கம் மட்டுமே வரும்.

இத்தகைய தரவுத்தளத்தை அமைக்க உதவும் மென்பொருள்களில் மைக்ரோசாப்ட் அக்சஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. லிப்ரே ஆபிஸ் பேஸ் இலவசமானது என்பதோடு, நிறுவியபின் இணையமும் தேவையில்லை என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன். பேஸ் இயங்குவதற்குத் துணையாகக் கணினியில் ஜாவா என்ற மென்பொருளும் இருக்க வேண்டும்.

பேஸைத் திறந்து, புதிய தரவுத்தளம் என்பதைத் தெரிவுசெய்து, ஒரு பெயரில் சேமியுங்கள். பின்னர் அட்டவணையை நாமே வடிவமைக்கும் டிசைன் வியூவில் 'வாடிக்கையாளர்' என்ற அட்டவணையை அமையுங்கள். முதற்புலம் (புலம் என்பது அட்டவணையின் ஒரு நிரல்) வாடிக்கையாளர் இலக்கம். அதன் வகையை இன்டிஜர் (முழு எண்) ஆக்கி, இலக்கம் தானாக ஏறும்படி ஓட்டோ வேல்யூவுக்கு யெஸ் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாகக் குறியுங்கள். பெயர், ஊர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் ஆகிய நான்கையும் டெக்ஸ்ட் (எழுத்து) வகையில் வையுங்கள். தொலைபேசி இலக்கத்தை எண் வகையில் வைத்தால் 077இன் முன்னுள்ள பூச்சியம் மறைந்துவிடும். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்து வருவதால் எண் வகை அதனை ஏற்கவே மாட்டாது.

இரண்டாவது அட்டவணை 'கணக்கு'. இதற்கும் தானாக ஏறும் ஓர் இலக்கத்தை முதன்மைச் சாவியாக்கி, வாடிக்கையாளர் இலக்கம், திகதி, பொருள், தொகை ஆகிய புலங்களைச் சேருங்கள். இங்கு வாடிக்கையாளர் இலக்கம் வெறும் இன்டிஜர். ஓட்டோ வேல்யூ வேண்டாம். தொகையை இரண்டு தசம தானங்களுடன் டெசிமல் வகையில் வையுங்கள். கடனை அப்படியே பதிந்து, கட்டிய காசைக் கழித்தல் குறியுடன் பதிந்தால், கூட்டுத்தொகையே மிகுதிக் கடனாகிவிடும்.

இனி டூல்ஸ் பட்டியலில், அட்டவணைகளை இணைக்கும் ரிலேஷன்ஷிப்ஸைத் திறந்து, இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து, முதலாவதிலுள்ள வாடிக்கையாளர் இலக்கத்தை இரண்டாவதிலுள்ள அதே புலத்தின்மேல் இழுத்து விடுங்கள். இந்த ஒரு கோடுதான் முழு வேலைக்கும் அடிப்படை. இல்லாத இலக்கத்துக்குக் கடன் எழுத முயன்றாலும், கணக்கிலுள்ள ஒருவரை அழிக்க முயன்றாலும் மென்பொருள் மறுத்துவிடும்.

மிகுதியைப் பார்க்க, இரண்டு அட்டவணைகளையும் கொண்ட ஒரு வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி; ஆங்கிலத்தில் குவெரி) டிசைன் வியூவில் அமைத்து, இலக்கம், பெயர், ஊர் ஆகியவற்றுக்கு குரூப் என்றும் தொகைக்கு சம் என்றும் கொடுங்கள். இலக்கத்தை விட்டுவிட்டால், ஒரே ஊரில் ஒரே பெயருள்ள இருவரின் கடன் ஒன்றாகக் கூடிவிடும். நாளாந்தப் பதிவுக்கான படிவத்தை, படிப்படியாக வழிகாட்டும் விசார்ட் தானே அமைத்துத் தரும். வீட்டில் தென்னங்காணி வரவு செலவுக்கும் இதே அமைப்புப் போதும். வாடிக்கையாளருக்குப் பதிலாகக் காணித்துண்டு வரும்.

பேஸில் பதிந்தவை பிரதான கோப்பைச் சேமிக்கும்போதுதான் அதனுள் முழுமையாகச் சேருகின்றன. மின்வெட்டை எதிர்பார்த்து, சில பதிவுகளுக்கு ஒருமுறை பேஸின் பிரதான சாளரத்துக்கு வந்து கண்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்துங்கள். கடை பூட்டுமுன் கோப்பின் பிரதியைப் பென் டிரைவில் எடுத்து, மக்களின் அடையாள அட்டை இலக்கங்கள் அதில் இருப்பதால், காசுப் பெட்டியோடு சேர்த்துப் பூட்டி வையுங்கள்.