கேரேஜில் மாதிரி ரயில் பாதை அமைக்கும் முறை

மாதிரி ரயில் பாதை அமைக்கும் ஆசை வந்ததும் எஞ்சினையும் தண்டவாளத்தையும் வாங்குவதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். கேரேஜில் அமைப்பதாக இருந்தால் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். தடையில்லாத நீண்ட சுவர் வீட்டில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது என்றாலும், தூசி, ஓதம், பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப மாற்றம் ஆகிய மூன்றும் வேறெந்த அறையையும்விட அங்கேதான் அதிகம். ரயில் தடம் புரள்வதற்கும் பாதி வழியில் நின்றுவிடுவதற்கும் காரணம் தேடிப் போனால், பல நேரங்களில் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்போம். ஆகவே அறையைச் சீர்செய்வதே முதல் வேலை.

அரை மீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் கான்கிரீட் வழியாக ஈரம் மேலே வருகிறது என்று பொருள். ஈரத்தைத் தடுக்கும் பூச்சு ஒன்றைத் தரைக்குக் கொடுத்த பிறகே மர வேலையைத் தொடங்க வேண்டும். கதவின் அடியில் உள்ள இடைவெளியை ரப்பர் பட்டையால் அடைப்பதும், வெறும் கூரையாக இருந்தால் அதன் கீழே பலகை அடிப்பதும் தூசியைப் பெருமளவு குறைக்கும். சுவருக்கு வானத்தின் வெளிர்நீலம் பூசுவதையும் விளக்குகளைப் பொருத்துவதையும் இப்போதே முடித்துவிடுங்கள். பலகைகள் வந்த பிறகு சுவரை எட்டுவது கடினம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கக்கூடியது. எனவே பெட்ரோல் கேன்களையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் வேறிடத்துக்கு மாற்றாமல் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கவே கூடாது.

அடுத்து அளவு. மாதிரி ரயில்களில் எச்.ஓ. (HO) என்பது உண்மையான ரயிலில் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ‘என்’ (N) என்பது 160இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது வளைவுதான். 26 மீட்டர் நீளமுள்ள பயணிகள் பெட்டி எச்.ஓ.வில் சுமார் 30 செ.மீ. வரும். மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால்தான் ஓட்டம் நம்பகமாக இருக்கும் என்பது இத்துறையில் பலரும் பின்பற்றும் கணக்கு. அதன்படி எச்.ஓ.வுக்கு 75 செ.மீ. ஆரம் வேண்டும், ரயில் முழுதாகத் திரும்பி வர, இரு ஓரங்களிலும் விடும் இடத்தையும் சேர்த்து 165 செ.மீ. அகலம் போய்விடும். ‘என்’ அளவில் அதே பெட்டி 16 செ.மீ.தான், 40 செ.மீ. ஆரம் போதும். ஒரே ஒரு கார் நிற்கும் கேரேஜில் நீண்ட பயணிகள் ரயில்தான் ஓட வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நான் தயங்காமல் ‘என்’ (N) அளவைத்தான் சொல்வேன்.

கையெட்டும் தூரமும் இதே அளவுக்கு முக்கியம். ஒரு பக்கம் மட்டும் நின்று வேலை செய்யும் பலகை 75 செ.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது; 60 செ.மீ. இன்னும் நல்லது. என்னுடைய முதல் பாதையில் சுவரோரமாக 90 செ.மீ. ஆழப் பலகை போட்டு, அதன் பின் மூலையில், ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் ஒரு பாயிண்டை வைத்தேன். அது பழுதானபோது, முன்னால் இருந்த மரங்களையும் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்த பிறகே கை அங்கே போனது. ஆகவே மூன்று சுவர்களை ஒட்டி ‘ப’ வடிவில் ஒடுங்கிய பலகை அமைத்து, ரயில் திரும்பும் அகலமான முனைகளை மட்டும் மூன்று பக்கமும் நடந்து வரக்கூடிய இடத்தில் வைப்பதே கேரேஜுக்கு ஏற்ற வடிவம். காரும் அங்கேயே நிற்க வேண்டுமானால், 120 முதல் 130 செ.மீ. உயரத்தில் அமையும் பலகையின் கீழ் பல கார்களின் பானெட் நுழைந்துவிடும். ஆனால் காரை உள்ளே நிறுத்தி, அதன் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அளந்த பிறகே வரைபடத்தை முடிவு செய்யுங்கள். மேலே சுருண்டு செல்லும் கதவாக இருந்தால், அது ஓடும் பாதையையும் அவசரத்தில் இழுக்கும் கைப்பிடியையும் எதுவும் மறைக்கக் கூடாது.

ஒரு பாதை மற்றொன்றின் மேல் கடந்து செல்வது அழகுதான், ஆனால் அதற்கு நிறைய இடம் வேண்டும். எச்.ஓ.வில் கீழே ரயில் போகும் இடைவெளியும் மேற்பலகையின் தடிமனும் சேர்ந்து சுமார் 9 செ.மீ. ஏற வேண்டும்; 100க்கு 2 என்ற ஏற்றத்தில் அதற்கே நாலரை மீட்டர் பாதை செலவாகும், இறங்குவதற்கு இன்னொரு நாலரை மீட்டர். முதல் பாதையைச் சமதளமாகவே அமைப்பது நல்லது.

மரச்சட்டம் அடிக்கும்போது பலரும் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. நீர் வடிவதற்காகக் கேரேஜின் தரை கதவை நோக்கிச் சரிந்திருப்பது வழக்கம். 100க்கு 1 என்ற லேசான சரிவாக இருந்தாலும் 6 மீட்டர் நீளத்தில் அது 6 செ.மீ. ஆகிவிடும். தரையிலிருந்து அளந்து எல்லாக் கால்களையும் ஒரே நீளத்தில் வெட்டினால், நிறுத்தி வைத்த பெட்டிகள் தாமாகவே கதவுப் பக்கம் உருண்டுபோகும். எனவே நீர் நிரப்பிய டியூப் லெவலால் மூன்று சுவர்களிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டு, எல்லா உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். கால்களின் அடியில் திருகி உயர்த்தக்கூடிய போல்ட் வைத்தால் பிற்காலத்தில் திருத்துவதும் எளிது. மரத்தை வாங்கியவுடன் அறுக்காமல் இரண்டு வாரம் அந்தக் கேரேஜிலேயே அடுக்கி வைத்து, அங்குள்ள காற்றுக்குப் பழக விடுங்கள். 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச்சட்டம் வைத்து, அதன் மேல் 12 மி.மீ. பிளைவுட் போதும். மரம் அசைவதற்குப் பெரிய காரணம் வெப்பத்தைவிட ஈரமே என்பதால், பிளைவுட்டின் மேல், கீழ் இரு பக்கங்களையும், குறிப்பாக அறுத்த ஓரங்களையும், பெயின்ட் பூசி மூடிவிட வேண்டும்.

தண்டவாளம் அதற்கு நேர்மாறு. அது வெப்பத்துக்கு நீளும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் தண்டவாளம், 6 மீட்டர் ஓட்டத்தில் 25 டிகிரி செல்சியஸ் மாறினால் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. நீளும். குளிர்ந்த காலையில் இடைவெளியே இல்லாமல் பதித்த நேர்ப்பாதை, வெயில் ஏறிய மதியத்தில் பக்கவாட்டில் நெளிந்து நிற்கும். ஆகவே கார்க் பட்டையின் மேல் தண்டவாளத்தைப் பதிக்கும்போது, நேர்ப்பாதையின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தடித்த அட்டையைச் செருகி அரை மி.மீ. இடைவெளி விட்டு, பதித்த பின் அட்டையை உருவிவிடுங்கள். வளைவில் மட்டும் முறை வேறு: இரண்டு நீளங்களை நேராக வைத்து சால்டர் செய்த பிறகே வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் இணைப்பில் முழங்கைபோல ஒரு மடிப்பு விழும். எதிரெதிராகத் திரும்பும் இரு வளைவுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு பெட்டி நீளத்துக்கு நேர்ப்பாதை விடுங்கள். ஒவ்வொரு இணைப்பு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தண்டவாளத்தின் உள்விளிம்பில் விரல்நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படியும் விரலுக்குத் தெரியும். விரல் தடுக்கும் இடத்தில் சக்கரமும் தடுக்கும் என்பதால், மெல்லிய அரத்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

மின்சாரத்தைக் கடத்தும் வேலையை, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாய்னர்களிடம் ஒப்படைக்கக் கூடாது. ஓதம் உள்ள அறையில் அவை சில மாதங்களிலேயே கறுத்து மின்தடை கூடிவிடும். பலகையின் அடியில் இரண்டு நிறங்களில் தடித்த முதன்மை ஒயர்களை ஓட்டி, தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே மெல்லிய ஃபீடர் ஒயர் கொடுப்பதே நிலையான வழி. சால்டர் நன்றாகப் பிடிப்பதற்காகத் தடவும் ஃபிளக்ஸில் அமிலம் கலந்திருந்தால் பிற்காலத்தில் அது ஒயரை அரிக்கும், ரோசின் ஃபிளக்ஸையே பயன்படுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ரயில்களை ஒரே பாதையில் தனித்தனியே கட்டுப்படுத்த விரும்பினால் தொடக்கத்திலேயே, ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி. (DCC) முறைக்குப் போய்விடுவது நல்லது. எந்த முறையானாலும், ரயில் சுற்றித் திரும்பி வந்த வழியிலேயே சேரும் வளையம் இருந்தால் இரு தண்டவாளங்களும் ஷார்ட் ஆகும். அந்தப் பகுதியை இரு முனைகளிலும் வெட்டிப் பிரித்துத் தனி இணைப்பு தர வேண்டும். எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோலரை இயக்கி, பாதை நெடுகிலும் ஒரு நாணயத்தை இரு தண்டவாளங்களின் குறுக்கே வைத்துப் பாருங்கள். எங்கு வைத்தாலும் கன்ட்ரோலரின் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தை உடனே துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் ஃபீடர் போதவில்லை.

அலங்கார வேலைக்கு முன் ஒரு மாதமாவது வெறும் பாதையில் ரயிலை ஓட்டுங்கள். மிக நீளமான பெட்டிகளை மாட்டி, மெதுவாகவும், பின்னோக்கித் தள்ளியும் ஓட்டி, தடுமாறும் இடங்களில் சாக்பீஸால் குறியிட்டுத் திருத்துங்கள். குறிகள் புதிதாக விழாத நிலை வந்த பிறகே பொடி ஜல்லியைத் தூவ வேண்டும். ஜல்லியை முதலில் ஆல்கஹால் தெளித்து நனைத்து, பிறகு வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜல்லி கலையாமல் இறுகும். பாயிண்டின் அசையும் பகுதிக்கு அருகே மட்டும் பசையை நிறுத்திக்கொண்டு, அது காயும் வரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை பாயிண்டை இரு பக்கமும் தள்ளிப் பாருங்கள்.