அறுபதுக்குப் பிறகும் வேலை பார்க்க: ஓய்வு என்ற பெயரில் நடக்கும் தவறுகள்

அறுபது தாண்டியவர் மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றால், "வயசாயிடுச்சில்ல, கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றுதான் சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் வேலை செய்யும் திராணியைச் சீக்கிரமாகக் கரைப்பதும் இந்த அறிவுரைதான்.

தசை முப்பதுகளிலிருந்தே குறையத் தொடங்குகிறது. பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம். அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் விரைவாக இறங்கும். இது வயதின் கணக்கு. படுக்கையின் கணக்கு வேறு. சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த ஆய்வொன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களில் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குக் கொழுப்பல்லாத திசு குறைந்திருந்தது. காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து, மருத்துவர் தடை சொல்லாத நிலையில், "இன்னும் ஒரு வாரம் படுத்திருக்கட்டும்" என்று வீட்டார் சொல்லும்போது இந்த ஒரு கிலோவை நினைவில் வைக்க வேண்டும். சாப்பாட்டை எழுந்து உட்கார்ந்து சாப்பிடுவது, ஒரு நாளில் நாலைந்து முறை அறைக்குள்ளேயே நடப்பது, முதல் வாரம் அரை நாள் மட்டும் வேலை என்று படிப்படியாகத் திரும்புவதுதான் சரி. நீண்ட விடுப்பு முடிந்த முதல் நாளே முழு நேர வேலைக்குப் போய் நிற்பதும் அதே அளவு தவறு.

வேலையே உடற்பயிற்சிதானே?

இல்லை. நாள் முழுக்க நின்று, தூக்கி, அலைகிறவர்கள்தான் இந்த எண்ணத்தால் அதிகம் ஏமாறுகிறார்கள். உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம் கடுமையாகச் செய்து, பிறகு நன்றாக ஓய்வெடுப்பது. வேலை அப்படியல்ல. மிதமான சுமை எட்டு மணி நேரம் நீடிக்கும். ஒரே மூட்டும் ஒரே தசையும் திரும்பத் திரும்ப உழைக்கும். இடையில் ஆறுவதற்கு நேரம் இருக்காது. தேய்மானம் நடக்கும், பலம் ஏறாது.

நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது இதன் இன்னொரு வடிவம். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் நாற்காலியிலிருந்து எழவும் பொருளைத் தூக்கவும் தேவையான பலத்தை அது போதுமான அளவு தராது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதலில் 65 வயது கடந்தவர்களுக்கு மூன்றும் உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி. பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

தசைப் பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள். 8 முதல் 12 முறை ஒரு சுற்று. ஒன்றிரண்டு நிமிடம் ஆறி இன்னும் ஒரு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். சுலபமாகிவிட்டால் கையில் தண்ணீர் பாட்டிலோ பையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பல மாதம் ஒரே அளவில் செய்துகொண்டிருப்பதால்தான் "பயிற்சி பண்ணியும் பலனில்லை" என்று ஆகிறது. அடுத்த நாள் ஓய்வு விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் திடீரென ஏறும். நெஞ்சுவலியோ இதயக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலம் கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1990இல் வெளிவந்த ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது.

உங்கள் நிலையை நீங்களே அளந்து பார்க்கலாம். அதே நாற்காலியில், 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60–64 வயதில் ஆண்கள் 14க்கும் பெண்கள் 12க்கும் கீழே இருந்தால் கால் பலம் சராசரியைவிடக் குறைவு. 65–69இல் அந்த எல்லை 12, 11. 70–74இல் 12, 10. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணிக் குறித்து வைத்தால், சரிவு உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடும் வேண்டும். பொதுவாகப் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் புரதம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இதை ஒரே வேளையில் அடைப்பதுதான் வழக்கமான தவறு. காலையில் மாவுச்சத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனால் தசைக்கு எதுவும் சேராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம்தான் இருக்கிறது. ஆக மூன்று வேளையும் திட்டமிட்டால்தான் கணக்கு நிறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வயது என்று தள்ளிவிடும் அறிகுறிகள்

வயது மெல்லத்தான் வேலை செய்யும். மூன்றே மாதத்தில் தெம்பு பாதியாகிவிட்டது என்றால் அது வயது அல்ல. ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு, இதயக் கோளாறு என்று தேட வேண்டிய காரணம் வேறு. முதியவர்களுக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாக வரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோ, வயிற்று அமிலத்துக்கு ஓமிப்ரசோலோ பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். பாதம் மரத்துப்போவதையும் மறதியையும் மூப்பின் மேல் போட்டுவிட்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டியதைத் தவறவிடுகிறோம்.

மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மாத்திரை இளைஞருக்குத் தூக்கம் மட்டும் தரும். முதியவருக்குக் குழப்பம், தடுமாற்றம், சிறுநீர் அடைப்பு வரை போகும். அதைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறவோ வண்டி ஓட்டவோ கூடாது. ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர், வேலைக்குப் போக வேண்டுமே என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாகச் சேர்த்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து உண்டு. எழுந்ததும் தலை சுற்றுகிறதா? படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால், மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

உடம்புக்கு ஏற்ப வேலையை மாற்றாமல் விடுவது

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் கிடைத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. கண்ணாடியின் பவரை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, வேலை மேசைக்கு ஒரு விளக்கு கூட்டுவது பல நேரம் போதும். புரொக்ரஸிவ் கண்ணாடி (மேல் பாதி தூரத்துக்கும் கீழ்ப் பகுதி கிட்டத்துக்கும் உள்ள கண்ணாடி) போட்டுக் கணினித் திரையைப் பார்ப்பவர்கள் தாடையைத் தூக்கியே உட்கார்ந்திருப்பார்கள். கழுத்து வலி அங்கிருந்துதான் வருகிறது. திரை தூரத்துக்கென்று, அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டருக்கு, தனிக் கண்ணாடி கேட்டு வாங்கலாம். திரையைச் சற்றுத் தாழ்த்தினாலும் கழுத்துக்கு நிம்மதி.

சுமை தூக்குவதில் எடையை மட்டும் பார்ப்பது தவறு. தூரம்தான் முதுகை ஒடிக்கிறது. பணிப் பாதுகாப்புக்கு நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு கணக்கின்படி, எல்லாம் சாதகமாக இருந்து, பொருள் உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டரில் இருந்தால் உச்ச வரம்பு 23 கிலோ. அதையே 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் வரம்பு பாதியாகிவிடும். இதில் வயது கணக்கில் சேரவேயில்லை. முதியவர் இன்னும் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் பொருளை இடுப்பு உயரப் பலகைக்கு மாற்றுவது, பெரிய பெட்டியை இரண்டாகப் பிரிப்பது என்ற சின்ன ஏற்பாடுகளே இடுப்பில் கட்டும் பெல்ட்டைவிடப் பயன் தரும்.

வெயிலிலும் உலை அருகிலும் வேலை என்றால் தாகத்தை நம்பாதீர்கள். வயதானால் தாக உணர்வே மங்கிவிடும். நேரம் வைத்துக் குடிக்க வேண்டும். தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். விடுப்பு முடிந்து கடும் வெப்பத்துக்குத் திரும்பினால் உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பிடிக்கும்.

ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பவர்கள் மேலாளரிடம் பொதுவாக "முடியலைங்க" என்றால் அவர் வேலையைவிட்டு அனுப்பத்தான் யோசிப்பார். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் வரிசை, இரவிலிருந்து பின்னோக்கி வருவதைவிட உடம்புக்கு எளிது. தொடர் இரவுகளை மூன்றுக்குள் நிறுத்தச் சொல்லுங்கள், அதன் பின் இரண்டு நாள் இடைவெளி கேளுங்கள். இன்ன வேலை, இன்ன மாற்றம் என்று எழுதிக்கொண்டு போய்க் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.