ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் வரலாறும் அதன் நிலங்களும்: எங்கே, எப்படித் தேடுவது

முதலில் மூன்று ஆண்டுகளைத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்: ஊரில் கிறிஸ்தவர்கள் உண்டான ஆண்டு, இப்போதுள்ள கோயில் எழும்பிய ஆண்டு, ஊர் தனிப் பங்கான (தனக்கெனக் குருவைக் கொண்ட திருச்சபை வட்டமான) ஆண்டு. நூற்றாண்டு மலர்கள் இந்த மூன்றையும் குழப்பித்தான் தவறுகின்றன. முகப்பில் பொறித்திருக்கும் ஆண்டு, கோயிலைப் புதுப்பித்த ஆண்டாகவும் இருக்கலாம்.

ஊர் வேறொரு பங்கின் கிளைக்கிராமமாக இருந்த காலத்து ஞானஸ்நானப் பதிவுகள் தாய்ப்பங்கில்தான் இருக்கும். அவை இலத்தீனில் எழுதப்பட்டவை என்றால் ஊர்ப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு எழுத்துக்கூட்டலில் வரும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி தவறிவிடும். ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி திரும்பி வருபவர் உபதேசியாராகவோ (மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவர்) கோயிற்பிள்ளையாகவோ (கோயில் பணியாளர்) இருக்கக்கூடும். நிலம் எழுதிக் கொடுத்தவர்களையும் அந்தப் பெயர்களுக்கு நடுவே தேடிப் பார்க்கலாம்.

சீர்திருத்தச் சபைக் (புராட்டஸ்டண்ட்) கோயில் என்றால், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும், தரங்கம்பாடி மிஷன் கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் உள்ளன.

நிலத்துக்கு இன்றைய பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) சிட்டாவையும் (உரிமையாளர் வாரியான நிலப் பட்டியல்) பார்த்து சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் குறியுங்கள். அடுத்து, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலையைப் பாருங்கள். பல ஊர்களில் கோயில் நிலம் அப்போதைய சாமியார் பேரிலோ தர்மகர்த்தா பேரிலோ குத்தகைக்காரர் பேரிலோ ஏறிப்போனது அந்த வேலையில்தான். அவர்களுடைய வாரிசுகள் இன்று உரிமை கேட்பதற்கு அதுவே வேர். யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் (நிலவரித் திட்டப் பதிவேடு) நகலை வாங்கி ஒப்பிடுங்கள். பெயர் மாறியிருந்தால், அந்த நகலோடு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்யலாம். பழைய சர்வே எண்ணுக்குப் புதிய எண் எதுவென்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

பதிவேட்டில் 'இனாம்' (வரி நீக்கியோ குறைத்தோ கொடுத்த மானிய நிலம்) என்று கண்டால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரைக் (இனாம்களை விசாரித்து எழுதிய பதிவேடு) கேளுங்கள். கொடுத்தவர் யார், எந்தக் காரியத்துக்கு, பட்டய எண் என்ன என்பது அதில் இருக்கும். 1963-இன் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப்பின் குடிவார உரிமை (நிலத்தைப் பயிரிட்டு அனுபவிக்கும் உரிமை) வைத்திருந்தவருக்கு முறைப்படியே பட்டா போயிருக்கலாம். சட்டத்தைப் பார்க்காமல் அதை ஆக்கிரமிப்பு என்று எழுதுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

பத்திரப்பதிவு 1865 முதல் உண்டு. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட வேண்டும். கோயில் பெயரில் மட்டும் தேடாதீர்கள். எழுதி வாங்கியவர் ஆயராகவோ மிஷனாகவோ இருக்கலாம். தானப் பத்திரத்தில் 'விளக்கு எண்ணெய்க்கு', 'பூசைக்கு', 'தேருக்கு' என்று சொல்லியிருப்பதை எழுத்துப் பிசகாமல் நகலெடுங்கள். வருமானத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் எழும் சண்டையில் அந்த ஒரு சொல்தான் பேசும். அளவை வேலி, மா என்று இருந்தால் அப்படியே எழுதிவிட்டு அருகில் ஏக்கர் போடுங்கள்: 20 மா ஒரு வேலி, தஞ்சைப் பக்கம் ஏறக்குறைய 6.6 ஏக்கர்.

வழக்கு நடந்த ஊரென்றால் தீர்ப்பை விடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது; அதையொட்டிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தனியிடம் கேட்ட தரப்பு தோற்றது. ஊர் சொல்லத் தயங்குவதை இத்தகைய வழக்குக் கட்டுகள் சொல்லிவிடும்.