பிசியில் மீதி தவறாக வந்தால் ஸ்கேலைப் பாருங்கள்

கட்டளைவரியில் பெரிய எண்களைக் கணக்கிட எனக்குப் பிடித்த கருவி பிசி (bc). இலக்கங்களுக்கு அது வரம்பு வைப்பதில்லை. 2^500 கேட்டால் ஓர் இலக்கம் குறையாமல் தரும்.

மீப்பெரு பொது வகுத்தி காண அதில் ஒரு சின்ன ஃபங்ஷன் வைத்திருக்கிறேன். மீதி எடுத்துக்கொண்டே போகும் யூக்ளிட் முறைதான். சும்மா ஓட்டினால் சரியாக வந்தது. கணித நூலகத்தைச் சேர்க்கும் ‘-எல்’ (-l) கொடுத்து ஓட்டினால் விடை கன்னாபின்னாவென்று வந்தது.

ஃபங்ஷனை விட்டுவிட்டு மீதி கேட்கும் 7 % 2 மட்டும் அடித்துப் பார்த்தேன். 0! 7 % 3 கொடுத்தால் .00000000000000000001. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ‘-எல்’ போட்டால் ஸ்கேல், அதாவது வகுக்கும்போது வரும் தசம இடங்களின் எண்ணிக்கை, 20 ஆகிவிடும். பிசி அந்த ஸ்கேலில் வகுத்து, ஈவை வகுத்தியால் பெருக்கி, கழித்து வருவதையே மீதி என்கிறது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3.5, அப்புறம் மிச்சம் ஏது?

தீர்வு எளிது. ஃபங்ஷனுக்குள் ஓர் ஆட்டோ மாறியில் (அந்த ஃபங்ஷனுக்கு மட்டுமே உரிய மாறி) பழைய ஸ்கேலைச் சேமித்து, ஸ்கேலை 0 ஆக்கி, வேலை முடிந்ததும் ரிட்டர்னுக்கு முன் பழையதைத் திருப்பி வைக்க வேண்டும். இந்தக் கடைசி வரி மிக முக்கியம். ஸ்கேல் எல்லா ஃபங்ஷன்களுக்கும் பொதுவானது. திருப்பி வைக்காவிட்டால் அடுத்து வரும் வகுத்தல் எல்லாம் தசமம் இல்லாமல் வெட்டுப்படும்.